மும்பையில் மேடை மியூசிக்கல்: எதற்கு டிக்கெட் எடுப்பது, எதற்குக் காத்திருப்பது?

மாதுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ பார்த்துக்கொண்டிருந்தபோது தோழி கேட்டாள்: "பாந்த்ரா பீகேசி தியேட்டர்ல அடுத்து ஏதோ பெரிய மியூசிக்கல் வருதாம். நாலு பேருக்கு எடுத்தா ஒரு மாச மளிகைக் காசு போயிடும். எடுக்கலாமா, இல்ல இதைவிட நல்லதா ஏதாவது வரும்னு இருக்கலாமா?" அதே வாரம் டோம்பிவிலியிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, பாப்பாவுக்குப் பாடிங்டன் கரடின்னா உயிரு. லண்டன்ல மேடையில வந்துடுச்சாமே, இங்க எப்ப வரும்?" மூன்றாவதாக, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கிலீஷும் வராது, இந்தியும் அரைகுறை. அவர்களை எதற்காவது கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கலாம். நாங்கள் இருப்பது செம்பூரில். வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா, நான், கணவர், பத்து வயது மகள். நான்கு பேரின் ரசனையும் நான்கு திசை. அதனால் இந்தக் கணக்கை நான் பல முறை போட்டிருக்கிறேன், தப்பாகவும் போட்டிருக்கிறேன்.

## எதை வைத்து நிறுப்பது

பெரும்பாலும் நாம் கதையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பிடித்த படம் மேடையில் வருகிறது, உடனே எடுத்துவிடு என்று. இப்போது நான் முதலில் கேட்பது வேறு: என்னோடு வருகிறவர்களுக்குப் பாட்டின் வார்த்தைகள் ஒரே கேட்பில் காதில் ஏறுமா?

நம் சினிமாவில் பாட்டு வந்தால் கதை கொஞ்சம் நின்று இளைப்பாறும். வார்த்தை புரியாவிட்டாலும் மெட்டு நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மியூசிக்கலில் கதையே பாட்டுக்குள்தான் நடக்கிறது. காதலைச் சொல்வது, சதி செய்வது, மனம் மாறுவது எல்லாம் பாட்டில். அதைக் கோட்டைவிட்டால் அடுத்த காட்சியில் "இவ ஏன் இப்ப அழறா?" என்று பக்கத்து இருக்கையைக் கேட்க வேண்டியிருக்கும். இது நமக்குப் புதிதும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் மல்லுக்கு நிற்பது பாட்டில்தான். அந்தத் தர்க்கம் புரியாமல் வெறும் ராகத்தைக் கேட்டுவிட்டு வந்தால் பாதி நாடகம்தான் பார்த்ததாகும்.

இரண்டாவது, குரலும் வாத்தியமும் நேரடியா? நடிப்பவரே பாடுகிறாரா, ஆர்க்கெஸ்ட்ரா அங்கேயே உட்கார்ந்து வாசிக்கிறதா, அல்லது பதிவு செய்த இசைக்குப் பாடுகிறார்களா? மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர் பாடகியின் மூச்சைப் பார்த்து அரைக்கணம் தாமதிப்பார். பதிவுக்கு அந்தத் தாமதம் தெரியாது.

மூன்றாவது, படத்தில் இல்லாத எது மேடையில் இருக்கிறது? படத்தை அப்படியே நகலெடுத்தால் படமே போதும். 1994இல் வந்த சிங்கராஜா கார்ட்டூனை 1997இல் நியூயார்க்கில் மேடையேற்றினார்கள், 'தி லயன் கிங்' என்று. அதில் மிருக வேஷம் போட்டவர் தன் முகத்தை மறைத்துக்கொள்வதில்லை. முகமூடி தலைக்கு மேலே நிற்கும், மனித முகம் கீழே தெரியும். நாம் ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்கிறோம். நம் பொய்க்கால் குதிரையும் இப்படித்தானே? ஆடுகிறவர் இடுப்புக்கு மேலே ராஜா, இடுப்பைச் சுற்றிக் குதிரை, கீழே கட்டைக்கால். மூன்றும் தெரிந்துகொண்டே நாம் குதிரையை நம்புகிறோம். கேமரா கொடுக்க முடியாத சந்தோஷம் இது. ஒரு தழுவல் இதைக் கொடுக்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

நான்காவது, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மொத்தம் என்ன ஆகும்? டிக்கெட்டில் அச்சிட்ட தொகை அதில் ஒரு பகுதிதான்.

## கடல் தாண்டி வரும் பெரிய மியூசிக்கல்

2023 மார்ச் 31 அன்று பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், அதாவது பீகேசியில், நீதா முகேஷ் அம்பானி கலாசார மையம் திறந்த பிறகுதான் இந்தத் தேர்வு நம் ஊரில் உண்மையான தேர்வானது. அங்கே உள்ள கிராண்ட் தியேட்டரில் 2,000 இருக்கை. அதற்கு முன் நாம் பெரிய மேடை என்று நம்பியிருந்த நரிமன் பாயின்ட் என்சிபிஏ கலை மையத்தின் ஜாம்ஷெட் பாபா தியேட்டரில் சுமார் 1,100. செட், உடை, விளக்கு, நடிகர், வாத்தியக்காரர் எல்லாவற்றையும் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு காட்சிக்கு எத்தனை டிக்கெட் விற்கும் என்பதுதான் கணக்கு. இருக்கை ஏறக்குறைய இரட்டிப்பானதும் கணக்கு சரிப்பட்டது. அந்த ஆண்டு மே மாதமே 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்தது, ஆகஸ்டில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. 2024இல் 'மட்டில்டா', 2025 மார்ச்சில் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'.

இந்த வகையின் பலம் தயாரிப்பின் நேர்த்தி. பல ஆண்டுகளாக, பல நகரங்களில் ஓடித் தேய்ந்து பளபளப்பானவை இவை. காட்சி மாறும் வேகத்தைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். குரல் நேரடி, வாத்தியமும் பெரும்பாலும் நேரடி.

பலவீனம் என் முதல் அளவுகோலில். 'மட்டில்டா'வில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. ஆங்கில எழுத்து இருபத்தாறும் வரிசையாக, வார்த்தைகளின் ஒலிக்குள் ஒளிந்து வரும். என் மகள் முதல் தடவையிலேயே அதைப் பிடித்துவிட்டாள், இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கும் எனக்கு வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது. அம்மாவைக் கூட்டிப்போயிருந்தால் இரண்டரை மணி நேரம் அழகான விளக்கைப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். அந்தப் பணத்துக்கு அது நியாயமில்லை.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்' வேறு விஷயம். மெட்டுகள் எளிமை, கதை நேர்கோடு, பாட்டுகள் பலருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது 1965இல் வந்த படத்திலிருந்து மேடைக்கு வந்ததல்ல. 1959 மேடை நாடகத்திலிருந்துதான் படம் வந்தது. படத்துக்கென்றே இரண்டு பாட்டு புதிதாகச் சேர்த்தார்கள். படத்தில் இடி மின்னல் இரவில் குழந்தைகளோடு மரியா பாடும், பிடித்த பொருள்களை அடுக்கும் பாட்டு, மேடையின் மூல வடிவில் மடத்துத் தலைவியோடு பாடுவது. 'மம்மா மியா'வும் இதே மாதிரி 1999 மேடை, 2008 படம். படத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு போகிறவர்கள் "பாட்டை மாத்திட்டாங்களே" என்று இடைவேளையில் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எது எதிலிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டுப் போனால் அந்த ஏமாற்றம் இருக்காது.

மறைந்திருக்கும் செலவு. ஒரு டிக்கெட் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 12,000. 500 ரூபாய்க்கு மேற்பட்ட நாடக டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேராவிட்டால் இன்னும் 2,160, ஆக 14,160. முன்பதிவுக் கட்டணம் தனி. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள், இடைவேளையில் குழந்தை கேட்காமல் இருக்காது. அப்புறம் திரும்பிவரும் வழி. மெட்ரோ மூன்றாம் தடம் வந்த பிறகு பீகேசிக்குப் போவது சுலபம்தான். ஆனால் கடைசி வண்டி இரவு பத்தரையோடு போய்விடும். எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் விட்டு, கூட்டத்தோடு படியிறங்கி வெளியே வருவதற்குள் அது போயிருக்கும். செம்பூருக்கு ஆட்டோ கிடைக்கும். மாதுங்காவுக்கு ஆட்டோ வராது, டாக்ஸிதான். டோம்பிவிலிக்காரர்கள் குர்லா போய்க் கடைசி லோக்கலைப் பிடிக்க வேண்டும். அதனால் சனி, ஞாயிறு மதிய ஆட்டம் இருந்தால் அதையே எடுங்கள். மழைக்காலத்தில் இதை இரண்டு தடவை சொல்வேன்.

இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரின் ஓர் அரங்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓர் ஓர இருக்கை எடுத்தேன். உட்கார்ந்ததும் கைப்பிடிக் கம்பி நேராகக் கண்ணுக்கு முன்னால். மேடையின் மூன்றில் ஒரு பங்கு தெரியவில்லை. அம்மா இரண்டு மணி நேரம் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே பார்த்தாள், அடுத்த இரண்டு நாள் வலி. முன்பதிவு செய்யும் படத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதிலிருந்து ஓரத்தைத் தொடுவதில்லை. பெரிய நடனக் காட்சி உள்ள மியூசிக்கலுக்குக் கீழே முதல் வரிசையைவிட முதல் பால்கனியின் நடு இருக்கை மேல். நடனத்தின் கோலம் மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

யாருக்கு நல்லது: வீட்டில் எல்லோருக்கும் ஆங்கிலம் சரளம், எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், முதல் தடவை பெரிய மேடையைப் பார்க்கும் ஆசை. முதியவர்கள் வருவதானால் தெரிந்த மெட்டுள்ளதை மட்டும்.

## இங்கேயே உருவாகும் பெரிய மேடை

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

2016இல் என்சிபிஏவில் ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கிய 'முகல்-ஏ-ஆஸம்' மேடையேறியது. 1960இல் கே. ஆசிஃப் எடுத்த படத்தின் மேடை வடிவம். அந்தப் படத்துக்கு வேர் மேடைதான், இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய அனார்கலி நாடகம். அந்தப் படம் 1961இல் 'அக்பர்' என்ற பெயரில் தமிழும் பேசியிருக்கிறது. இங்கே ஓடவில்லை என்பது வேறு கதை. மேடையில் அனார்கலியாக நடிப்பவரே நேரடியாகப் பாடுகிறார், சுற்றிலும் கதக் ஆடுகிறவர்கள். ஓரத் திரையில் ஆங்கிலத்தில் வசனம் ஓடும். உருது தெரியாத கணவருக்கு அது உதவியது. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. நௌஷாத்தின் மெட்டுகளை ரேடியோவில் கேட்டுத்தான் அவள் இந்தியே கற்றுக்கொண்டாள். மார்க்கெட்டில் பேசும் இந்தி வேறு, அவள் மனதில் இருக்கும் இந்தி வேறு. சலீமுக்கும் அக்பருக்கும் நடுவில் என்ன தகராறு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பெண் மாட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதானே என்றாள்.

2024 ஆகஸ்டில் பீகேசி கிராண்ட் தியேட்டரில் வந்த 'ராஜாதிராஜ்' கிருஷ்ணனின் வாழ்க்கை. சச்சின்-ஜிகர் இசை, பிரசூன் ஜோஷி வரிகள். கோகுலம், மதுரா, துவாரகை என்று நாம் பிறந்ததிலிருந்து கேட்ட கதை. பழங்கதைகளின் பலம் இதுதான். பாட்டில் நாலு வரி நழுவினாலும் கதை நழுவாது.

இந்த வகையில் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு மியூசிக்கலின் உரிமம் வாங்கி, இந்திய நடிகர்களை வைத்து இங்கேயே தயாரிப்பது. 2015இல் வொர்லி என்எஸ்சிஐ அரங்கில் வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' அப்படித்தான், 2018இல் என்சிபிஏவில் வந்த 'அலாதீன்' அப்படித்தான். பாடுகிறவர்களின் உச்சரிப்பு நம் காதுக்குப் பழக்கமானது, அதனாலேயே வார்த்தை நன்றாகப் பிடிபடும்.

குறை என்று பார்த்தால், இந்த வகைத் தயாரிப்புகள் பலவற்றில் குரல் நேரடி, ஆர்க்கெஸ்ட்ரா பதிவு. கூர்மையான காதுள்ளவர்களுக்கு அது உறுத்தும். சில பிரம்மாண்டங்களில் மேடைக்குப் பின்னாலுள்ள ராட்சதத் திரை நடிகரை விழுங்கிவிடுகிறது. அங்கே போய் மறுபடி சினிமா பார்த்த மாதிரி ஆகிவிடும். டிக்கெட் விலையும் முந்தையதற்கு ரொம்பக் குறைவில்லை, ஜிஎஸ்டியும் அதேதான். ஆனால் ஒரு வசதி உண்டு. வெற்றி பெற்றவை திரும்ப வரும். 'முகல்-ஏ-ஆஸம்' எத்தனையோ முறை திரும்பி வந்திருக்கிறது. இந்த மாதம் கையைக் கடித்தால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

யாருக்கு நல்லது: மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் வீட்டுக்கு. என் தோழி கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதுதான். அவள் மாமியார் பழைய இந்திப் பாட்டுப் பைத்தியம்.

## மராத்தி சங்கீத நாடகம்

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருக்கிறோமே என்பது என் நெடுநாள் ஆதங்கம். நமக்குப் பவளக்கொடி எப்படியோ மராட்டியர்களுக்குச் சங்கீத சௌபத்ரம் அப்படி. அண்ணாசாஹேப் கிர்லோஸ்கர் 1880இல் காளிதாசனின் சாகுந்தலத்தைப் பாட்டு நாடகமாக்கினார், 1882இல் சுபத்திரை கல்யாணத்தைச் சௌபத்ரமாக்கினார். பழங்கதையைத் தழுவிய மியூசிக்கல் என்றால் இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்ல முடியாது. நம்மூரில் பாகவதருக்கு 'ஒன்ஸ் மோர்' கேட்ட மாதிரி இங்கே மராத்தி மேடையின் பாடகர்-நடிகர் பால கந்தர்வருக்குக் கேட்டார்கள். பவளக்கொடியில் பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்ததையே 1934இல் படமாக்கினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு, முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் எடுக்கப்பட்டதே இந்தப் பம்பாயில்தான். மேடையிலிருந்து படத்துக்கு என்ற அந்தப் பாதை இந்த ஊருக்கு நன்றாகப் பழகியது.

அலுவலகத்து நண்பரின் அம்மாவுக்கு நான் சொன்னது இதைத்தான். அவர் ஆச்சரியப்பட்டார், மராத்தி சுத்தமாகத் தெரியாதே என்றார். யோசித்துப் பாருங்கள். அர்ச்சுனன் சந்நியாசி வேஷத்தில் வந்து சுபத்திரையை அடைகிறான், கிருஷ்ணன் பின்னாலிருந்து நூலை இழுக்கிறான். அந்த அம்மாவுக்குக் கதை நம்மைவிட நன்றாகத் தெரியும். பாட்டு ராகத்தில் அமைந்தது, கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குப் பிடிமானம் உண்டு. ஆர்கனும் தபலாவும் மேடையோரத்தில் நேரடியாக வாசிக்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் மியூசிக்கல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் 'கட்யார் காளஜாத் குசலி' இருக்கிறது. 1967இல் வந்த நாடகம், இசை ஜிதேந்திர அபிஷேகி. 2015இல் படமானபோது பண்டிதர் வேஷத்தில் நடித்துப் பாடியவர் சங்கர் மகாதேவன், எங்கள் செம்பூரில் வளர்ந்தவர். முதலில் படத்தைச் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு, எங்கேயாவது மேடையேறும்போது போனால் இரண்டு வித்வான்களின் போட்டி ஒவ்வொரு வரியிலும் புரியும்.

செலவு? டிக்கெட் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். 500 வரை ஜிஎஸ்டியே இல்லை. மாதுங்காவில் யஷ்வந்த் நாட்டிய மந்திர், முலுண்டில் காளிதாஸ், வாஷியில் விஷ்ணுதாஸ் பாவே, தாணேயில் கட்கரி ரங்காயதன், தாதரில் சிவாஜி மந்திர். நம்மவர்கள் எங்கெல்லாம் குடியிருக்கிறார்களோ அங்கெல்லாம் பக்கத்தில் ஓர் அரங்கு. இடைவேளையில் சூடாக படாடா வடா.

தேடிப் பிடிப்பதில்தான் சிரமம். சங்கீத நாடகம் தினம் நடப்பதில்லை, நகைச்சுவை நாடகங்களுக்கு நடுவில் எப்போதாவது வரும். மராத்தி நாளிதழின் நாடக விளம்பரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மராட்டியரிடம் சொல்லி வைப்பது அதைவிடச் சுலபம். பழைய செட், எளிய விளக்கு. கண்ணுக்குப் பிரம்மாண்டம் வேண்டுமென்று வருகிற குழந்தை அரை மணியில் நெளியும். என் மகள் நெளிந்தாள்.

## திரையில் பார்க்கும் மேடை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டன் நேஷனல் தியேட்டர் 2009இலிருந்து மேடை நாடகங்களைப் படமெடுத்து உலகம் முழுக்கத் திரையிடுகிறது, என்சிபிஏவிலும் காட்டுகிறார்கள். அவற்றில் வசன நாடகங்களே அதிகம், மியூசிக்கல் குறைவு. வீட்டில் பார்ப்பதானால் 2020 ஜூலையில் டிஸ்னி பிளஸில் வந்த 'ஹாமில்டன்' பதிவு, 2011இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்த 'ஃபேன்டம்' பதிவு போன்றவை உண்டு.

நிறுத்திக் கேட்கலாம், சப்டைட்டிலை ஓடவிடலாம், பாட்டியின் மடியில் குழந்தை தூங்கலாம். ஆனால் கேமரா காட்டுவதைத்தான் பார்க்க முடியும், பின்வரிசையில் ஆடுகிற பெண்ணைப் பார்க்க வேண்டுமென்று தோன்றினாலும் முடியாது. நான் இதை ஒத்திகையாகவே வைத்திருக்கிறேன். பெரிய டிக்கெட் எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் பாட்டுகளைச் சமையலறையில் ஓடவிடுவோம். யாருமே முணுமுணுக்கவில்லை என்றால் டிக்கெட் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | வெளிநாட்டிலிருந்து வருவது | இங்கே உருவாவது | மராத்தி சங்கீத நாடகம் | திரைப் பதிவு |
|---|---|---|---|---|
| பாட்டின் வார்த்தை | ஆங்கிலம் சரளமானவர்களுக்கு | இந்தி கேட்டுப் பழகினால் போதும் | கதை தெரிந்தால் சமாளிக்கலாம் | சப்டைட்டிலோடு பார்க்கலாம் |
| குரல், வாத்தியம் | குரல் நேரடி, வாத்தியமும் பெரும்பாலும் | குரல் நேரடி, வாத்தியம் பல சமயம் பதிவு | இரண்டும் நேரடி | பதிவு |
| கண்ணுக்கு | மிக நேர்த்தி | பிரம்மாண்டம், சில சமயம் திகட்டும் | எளிமை | கேமராவின் விருப்பம் |
| மொத்தச் செலவு | மிக அதிகம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| தவறவிட்டால் | திரும்ப வருவது அபூர்வம் | பெரும்பாலும் திரும்ப வரும் | தேடிக்கொண்டே இருக்க வேண்டும் | எப்போதும் இருக்கும் |

## புதியதற்குக் காத்திருக்கலாமா?

சித்தி மகனின் கேள்விக்கு வருகிறேன். பாடிங்டன் மியூசிக்கல் லண்டன் சவாய் தியேட்டரில் 2025 நவம்பரில்தான் தொடங்கியது. டிஸ்னியின் 'ஹெர்குலிஸ்' அதே ஆண்டு ஜூனில் ட்ரூரி லேன் அரங்குக்கு வந்தது. இவை எப்போது மும்பைக்கு வரும் என்பதற்குப் பழைய கணக்கைப் பாருங்கள். 'ஃபேன்டம்' லண்டனில் தொடங்கியது 1986, இங்கே வந்தது 2025. முப்பத்தொன்பது வருஷம். 'மட்டில்டா' முதல் மேடை 2010, இங்கே 2024. பதினாலு வருஷம். 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' நியூயார்க்கில் 1994, இங்கே 2015. 'அலாதீன்' நியூயார்க்கில் 2014, இங்கே 2018. நாலே வருஷம். கடைசி இரண்டும் கடல் தாண்டி வரவில்லை, உரிமம் வாங்கி இங்கேயே செய்தவை. பெரிய அரங்கு வந்த பிறகு இடைவெளி சுருங்கும் என்று நம்புகிறேன். ஆனாலும் ஆறு வயதுக் குழந்தைக்காகக் காத்திருக்கும் அப்பாவுக்கு நான் சொல்வது: கரடி இங்கே வரும்போது பாப்பா கரடிப் பருவத்தைத் தாண்டியிருப்பாள். யாராவது உரிமம் வாங்கி இங்கே தயாரிப்பதாகச் செய்தி வந்தால் காத்திரு, இல்லையென்றால் இந்த வருஷம் கையில் கிடைப்பதைக் காட்டு.

இந்தியப் படங்களின் மேடை வடிவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'முகல்-ஏ-ஆஸம்' மாதிரி சிலவற்றைத் தவிர, நம் கதையாக இருந்தாலும் அவை பெரும்பாலும் முதலில் நம் ஊரில் தொடங்குவதில்லை. படத்திலிருந்து வராவிட்டாலும் நம் ஊர்க் கதையான, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002இல் லண்டனில், 2004இல் நியூயார்க்கில். மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' 2017இல் அமெரிக்காவின் பெர்க்லியில். மராட்டா மந்திர் சினிமா தியேட்டரில் 1995இலிருந்து ஓடுகிற 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' 2022இல் சான் டியேகோவிலும் 2025இல் மான்செஸ்டரிலும் மேடையேறியது. அதில் ராஜ் என்ற பையன் ரோஜர் என்ற வெள்ளைக்காரனாகிவிட்டான், விஷால்-சேகர் இசையில் புதிதாக 18 ஆங்கிலப் பாட்டுகள். இங்கே வரும் நாளில் கடுகு வயலையும் பழைய மெட்டையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். புதிய படைப்பாக நினைத்துக் கேட்கத் தயாரானவர்கள் காத்திருக்கலாம்.

அப்படியானால் எதற்குத்தான் காத்திருப்பது? பழங்கதையிலிருந்து வருவதற்கு நான் காத்திருப்பேன், ஏனென்றால் அது பத்து வருஷம் கழித்து வந்தாலும் அதே வயதில்தான் இருக்கும். நேற்று வந்த படத்தின் மேடை வடிவம் பிடித்திருந்தால் உடனே பார்த்துவிட வேண்டும், படத்தின் சூடு ஆறினால் அதில் பாதி போய்விடும். தமிழில் இப்படி ஒன்று, சிலப்பதிகாரத்தையோ நந்தனார் சரித்திரத்தையோ, பெரிய மேடையில் நேரடி வாத்தியத்தோடு, கிங்ஸ் சர்க்கிள் ஷண்முகானந்தா அரங்கின் 2,700க்கு மேற்பட்ட இருக்கைகளையும் நிரப்பிக்கொண்டு வருமானால் அதற்கு நான் எத்தனை வருஷமும் காத்திருப்பேன். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனில் நாடகமும் பாட்டும் ஏற்கெனவே பிரிக்க முடியாதபடி சேர்ந்தே கிடக்கின்றன. பெரிய மேடையும் அதற்குப் பணம் போட ஆளும்தான் வேண்டும்.

## டிக்கெட் எடுப்பதற்கு முன்

வயது வரம்பைப் படித்துவிடுங்கள், ஒவ்வொரு காட்சிக்கும் வேறுபடும். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் பல இடங்களில் தனி டிக்கெட் வேண்டும். பணம் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது. அதனால் பரீட்சை அட்டவணையும் ஊர்ப் பயணமும் முடிவான பிறகு எடுங்கள். பெரியவர்களுக்குப் போர்வை மாதிரி ஒரு சால்வை, ஏசி கடுமையாக இருக்கும். படியேற முடியாதவர்கள் இருந்தால் லிஃப்ட் எந்தத் தளம் வரை போகிறது என்று அரங்குக்குப் போன் செய்து கேளுங்கள். ஆன்லைன் படத்தில் அது தெரியாது.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் இரண்டாகப் பிரிந்து போவதென்று பேசி வைத்திருக்கிறோம். அப்பாவும் பெண்ணும் பீகேசியில் ஆங்கில மியூசிக்கல், மதிய ஆட்டம், முதல் பால்கனி நடு. நானும் அம்மாவும் முலுண்டு காளிதாஸில் சௌபத்ரம் எப்போது வருகிறதோ அன்று. எதிர் வீட்டு ஜோஷி காக்கூவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், விளம்பரம் பார்த்தால் கதவைத் தட்டுவார்.